பேனலை மட்டும் திருப்பினார்

என் மகனுக்கு,

நீ இன்னும் பிறக்கவில்லை. எனக்கு இப்போது பதினைந்து வயது. ரோஸ் ஹில்லில் ஒரு பெண்கள் பள்ளியில் மூன்றாம் ஃபார்ம், ஊர்க் கணக்கில் ஒன்பதாம் வகுப்பு, படிக்கிறேன். பிறக்காத பிள்ளைக்குக் கடிதம் எழுதுவது பைத்தியக்காரத்தனம் என்று எனக்கும் தெரிகிறது. ஆனால் பிறந்து வளர்ந்து என்னைச் சுற்றி இருப்பவர்களிடம் சொல்லிப் பார்த்துவிட்டேன், பயனில்லை. முதலில் மகளுக்குத்தான் எழுத நினைத்தேன். மகளாக இருந்தால் இதை நான் எழுதாமலேயே புரிந்துகொள்வாள் என்று தோன்றியது. நீ ஒரு நாள் அப்பா ஆவாய், அதனால் உனக்கு எழுதுகிறேன். உன் கல்யாணத்துக்கு முன்னால் இதை உன் கையில் கொடுப்பேன். பிரெஞ்சில் எழுதியிருந்தால் பாதுகாப்பாக இருந்திருக்கும், அப்பாவுக்குப் பிரெஞ்சு படிக்க வராது. ஆனால் அவர் என்னைத் திட்டுவது தமிழில், எனக்குக் கோபம் வருவதும் தமிழில்தான். பக்கத்து அறையில் அவர் இருமும்போதெல்லாம் இந்தத் தாளைப் பூகோளப் புத்தகத்துக்கு அடியில் தள்ளிவிடுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

உன் தாத்தா கெட்டவர் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீ இதைப் படிக்கும்போது அவர் உனக்கு நல்ல தாத்தாவாக இருந்திருப்பார். திருச்சியில் தொழிற்பயிற்சி ஆசிரியராக இருந்தவர். ஒப்பந்தத்தின் பேரில் இந்தத் தீவுக்கு வந்து, இங்கேயும் பையன்களுக்கு வெல்டிங்கும் தகடு வேலையும் சொல்லிக்கொடுக்கிறார். நாங்கள் மாடியில் குடியிருக்கிறோம். கீழே வீட்டுக்காரர் வீராசாமி. இங்கே மாமாவைத் தோந்தோன் என்பார்கள், அதனால் எனக்கு அவர் வீராசாமி தோந்தோன். அவருடைய முன்னோர்கள் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள்தான், ஆனால் அவர் பேசுவது கிரியோல். நடுவில் கோவில் தமிழ் நாலைந்து வார்த்தை வந்து விழும். அவர் பேசியதையெல்லாம் உனக்குத் தமிழில் எழுதுகிறேன். போன வருஷம் அவரும் அப்பாவும் சேர்ந்து ஒரு தொழில் தொடங்கினார்கள். தீவு முழுக்க ஹோட்டலும் பங்களாவும் எழும்பிக்கொண்டிருக்கின்றன, எல்லோருக்கும் சுடுதண்ணீர் வேண்டும், மின்சாரத்தில் சுடவைத்துக் கட்டுப்படியாகாது. ஆகவே சூரிய வெயிலில் தண்ணீர் சுடவைக்கும் பேனல். மரப்பெட்டி, அதற்குள் கறுப்புச் சாயம் பூசிய தகடு, தகட்டோடு பற்றவைத்த செம்புக் குழாய்கள், மேலே கண்ணாடி. அப்பா தன் கையாலேயே செய்தார். எனக்கு அந்தப் பெட்டி மிகவும் பிடித்திருந்தது. தகட்டுக்குச் சாயம் பூசியது நான்தான்.

வாங்க வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காக முதல் இரண்டு பேனல்களை எங்கள் மொட்டைமாடியிலேயே வைத்தார்கள். எப்படி வைப்பது என்பதற்கு, அப்பா ஊரில் பாடம் நடத்திய கையேடு அவரிடம் இருந்தது. பேனலைத் தெற்கே பார்த்து வைக்க வேண்டும். எந்த ஊரோ அந்த ஊரின் அட்சரேகை எத்தனை டிகிரியோ அத்தனை டிகிரி சாய்க்க வேண்டும். திருச்சிக்குப் பதினொன்று, இங்கே இருபது. அப்பா அதைக் கவனமாக மாற்றினார். சாய்வைப் பார்க்க மரத்தில் ஒரு முக்கோணம் அறுத்து, அதை வைத்து வைத்துப் பார்த்தார். சாய்வை மாற்றியவர் திசையை மாற்றவில்லை. இங்கே நாம் பூமத்திய ரேகைக்குக் கீழே இருக்கிறோம், சூரியன் வருஷத்தில் பெரும்பகுதி வடக்கு வானத்தில்தான் போகிறது என்பது அவருக்குத் தெரியாத விஷயமா? கேட்டால் படம் போட்டுக் காட்டுவார். ஆனால் தெற்கே பார்த்து வைப்பது என்பது அவருக்குச் செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் வருவது மாதிரி. யாராவது அதை யோசித்துச் செய்வார்களா?

இதில் வேடிக்கை, அவர்கள் பேனலை வைத்தது டிசம்பரில். அந்தச் சமயத்தில் மட்டும் சூரியன் ஏறக்குறைய நம் தலைக்கு மேலே, கொஞ்சம் தெற்கே கூடச் சரிந்து நிற்கும். தண்ணீர் கொதித்தது. பொங்கலுக்கு வந்தவர்களையெல்லாம் வீராசாமி தோந்தோன் குளியலறைக்கு அழைத்துப் போய்க் குழாயைத் திறந்து காட்டினார். கோவிலில் அப்பாவைப் பார்க்கிறவர்கள் "ப்ரோஃபெஸேர்" என்று கூப்பிடத் தொடங்கினார்கள். இந்த ஊருக்கு வந்த பிறகு அப்பா அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. அதனால்தான் பிறகு நடந்தது அவரை அப்படிச் சுட்டது என்று இப்போது புரிகிறது. புரிந்து என்ன செய்ய?

மே மாதம் தண்ணீர் வெதுவெதுப்பானது. ஜூலையில் பச்சைத் தண்ணீர். கண்ணாடியில் தூசி என்றார் அப்பா. கரும்பு வெட்டு ஆரம்பித்துவிட்டது, தோட்டம் எரிகிற சாம்பல் வந்து படிகிறது என்றார். காலையில் பள்ளிக்குப் போகுமுன் ஈரத் துணியால் கண்ணாடியைத் துடைப்பது என் வேலை. விரல் விறைத்துப் போகும். துடைத்துவிட்டு நிமிர்ந்து, பேனல் பார்க்கிற பக்கம் திரும்பினால், என் முதுகில்தான் வெயில் அடிக்கும். பேனல் பார்த்துக்கொண்டிருந்த திசையில் வெயிலே இல்லை. பள்ளியில் மத்தியான இடைவேளையில் கொடிக்கம்பத்தின் நிழலைப் பார்த்தேன். தினமும் பார்த்தேன். நிழல் தெற்கே, கியூர்பீப் பக்கம் விழுந்தது. அப்படியென்றால் சூரியன் வடக்கே, போர்ட் லூயி பக்கம். இதற்கு ஃபிஸிக்ஸ் கூட வேண்டாம், மகனே. கண் இருந்தால் போதும்.

நான் செய்த தப்பு, அதை வீராசாமி தோந்தோன் இருக்கும்போது சொன்னது. அன்று அவர் தோளில் துண்டோடு, பல் கிடுகிடுக்க மாடிக்கு வந்தார். நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

"ப்ரோஃபெஸேர்! திலோ ஃப்ரே! தண்ணி ஐஸ் மாதிரி இருக்கு! உங்க சூரியன் லீவு போட்டுட்டுப் போயிடுச்சா?"

"குளிர்காலம் அப்படித்தான் இருக்கும். கண்ணாடியில சாம்பல்" என்றார் அப்பா.

"சாம்பல் என் காரு மேலயும்தான் இருக்கு. ஆனா சீட்டுல உக்காந்தா பின்பக்கம் வேகுதே!"

அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போனாள். நான் சொன்னேன்: "அப்பா, பேனல் போர்ட் லூயி பக்கம் பாக்கணுமோ? சூரியன் அந்தப் பக்கம்தானே போகுது. நம்ம பேனல் கியூர்பீப்பைப் பாத்துக்கிட்டு இருக்கு."

நான் பேசிய தமிழில் தோந்தோனுக்கு ஊர்ப் பெயர்கள் மட்டும்தான் பிடிபட்டன, அதுவே போதுமாக இருந்தது. தொடையில் தட்டிச் சிரித்தார். "கியூர்பீப்பையா? அங்க எப்பவும் மழை! மழையைப் பாத்து வச்சா தண்ணி எப்படிச் சுடும், ப்ரோஃபெஸேர்?"

அந்தச் சிரிப்புதான் எல்லாவற்றையும் கெடுத்தது. அப்பா கை கழுவிவிட்டு வந்து, தமிழில், எனக்கு மட்டும் சொன்னார். "சோலார் பேனல்னா தெற்கே பாத்துத்தான் வைக்கணும். கண்ணை மூடிக்கிட்டு வைக்கலாம். நான் எத்தனை வருஷமா இதைச் சொல்லிக்கொடுக்கிறேன்? நீ பூகோளத்துல ரெண்டு பக்கம் படிச்சிட்டு வந்து பெரியவங்க பேசுற இடத்துல வாயைத் திறக்கிற. இவ்வளவு வாய் இருக்கிறவளுக்கு சயின்ஸ் எதுக்கு? காமர்ஸ் எடு. ஹோட்டலும் ஃபாக்டரியும் தினம் ஒண்ணு திறக்கிறான், கணக்குப் பாக்கத் தெரிஞ்ச பொண்ணுக்கு வேலை காத்துக்கிட்டு இருக்கு."

நான்காம் ஃபார்மில் எந்தப் பிரிவு என்பதை இந்த வருஷக் கடைசியில் தேர்ந்தெடுக்க வேண்டும். எனக்கு ஃபிஸிக்ஸ் வேண்டும். எப்போதிலிருந்து என்று தெரியாது. அந்தப் பெட்டிக்குச் சாயம் பூசியபோதிலிருந்தாக இருக்கலாம். தகடு ஏன் கறுப்பாக இருக்க வேண்டும், கண்ணாடி ஏன் வெயிலை உள்ளே விட்டுச் சூட்டை வெளியே விடுவதில்லை என்று அன்று அப்பாதான் எனக்குச் சொன்னார். சொல்லும்போது அவர் முகம் எப்படி இருந்தது தெரியுமா? அந்த முகத்தை நம்பித்தான் நான் வாயைத் திறந்தேன்.

கோபத்தில் சொன்னார், மாறிவிடுவார் என்று நினைத்தேன். அவருக்கே தெரியும்படி செய்தால் போதும் என்று நினைத்தேன். அம்மாவிடம் இரண்டு காலி எண்ணெய் டின் வாங்கினேன். தட்டையானவை, இரண்டும் ஒரே அளவு. மிச்சமிருந்த கறுப்புச் சாயத்தைப் பூசி, தண்ணீர் நிரப்பி மூடி, மாடியில் செங்கல்லில் சாய்த்து வைத்தேன். ஒன்று தெற்கே பார்த்து, ஒன்று வடக்கே பார்த்து. பள்ளி விட்டு வந்து தொட்டுப் பார்த்தால், தெற்குப் பக்கத்து டின் என் உள்ளங்கை சூட்டில் இருந்தது. வடக்குப் பக்கத்து டின்னில் கையை வைத்திருக்க முடியவில்லை. அம்மாவை இழுத்து வந்து காட்டினேன். அவள் இரண்டையும் தொட்டாள். வடக்குப் பக்கத்து டின் தண்ணீரை மாடியில் கிடந்த வாளியில் ஊற்றிக்கொண்டு, "நெய்ப் பாத்திரம் கழுவ ஆகும்" என்று கீழே இறங்கத் தொடங்கினாள்.

"அம்மா, அப்பாகிட்ட சொல்லேன்."

"வேற தண்ணி ஊத்தி டின்னை அங்கேயே வைடி. அவரு மாடிக்கு வராமலா போவாரு?"

வந்தார். டின்களை அவர் தொட்டுப் பார்த்ததை நான் பார்க்கவில்லை; ஆனால் மறுநாள் செங்கற்கள் கொஞ்சம் நகர்ந்திருந்தன, டின்கள் இடம் மாறியிருந்தன. மூடி நசுங்கிய டின் தெற்கே இருந்தது, இப்போது வடக்கே; மற்றது தெற்கே. டின்னில் ஏதாவது வித்தியாசம் இருக்கிறதா என்று சோதித்திருக்கிறார். நான் செய்யாமல் விட்ட சோதனை அது. எனக்கு ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. அந்தச் சனிக்கிழமை பயிற்சிப் பையன்கள் சிலரை அழைத்து வந்து, இரண்டு பேனல்களையும் போர்ட் லூயி பக்கம் திருப்பினார். இரண்டு நாளில் குளியலறையில் ஆவி பறந்தது.

இப்போது சொல்வார், இப்போது சொல்வார் என்று காத்திருந்தேன். சாப்பிடும்போது, "கோணத்தைக் கொஞ்சம் சரிபண்ணினேன்" என்றார். தோந்தோனிடம், வெயில் காலத்துக்கு ஒரு திசை, குளிர்காலத்துக்கு ஒரு திசை, முதலிலிருந்தே அதுதான் திட்டம் என்று ஆங்கிலத்தில் விளக்கினார். தோந்தோன், "அயோ, ப்ரோஃபெஸேர்!" என்று தலையை ஆட்டினார். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். சரி, பெயர் அவருக்கே இருக்கட்டும், எனக்கு என் வகுப்பு கிடைத்தால் போதும் என்று, "அப்பா, ஸ்கூலுக்கு எப்ப வர்றீங்க? சயின்ஸ் பிரிவுன்னா அப்பா நேர்ல வந்து சொல்லணும்னு மிஸ் சொன்னாங்க" என்றேன்.

"அதான் காமர்ஸ்னு சொல்லிட்டேன்ல."

எனக்கு எரிச்சல் தாங்கவில்லை, மகனே. நான் சொன்னது பொய்யாக இருந்து அவர் தண்டித்திருந்தால் அழுதுவிட்டு விட்டிருப்பேன். நான் சொன்னது சரி என்று அவரே சோதித்துப் பார்த்து, பேனலைத் திருப்பி, தினமும் அந்தத் தண்ணீரில் குளித்துவிட்டு, அதைச் சொன்னதற்கான தண்டனையை மட்டும் அப்படியே வைத்திருக்கிறார். இதை நான் யாரிடம் போய்ச் சொல்வது?

இன்று தெற்குக் கரையில் இருக்கும் பெல் ஒம்ப்ரிலிருந்து ஒரு அம்மா வந்தார், இங்கே மதாம் என்பார்கள். நம்மைப் போலத் தமிழ்க் குடும்பம்தான், நெற்றியில் பொட்டு, பேச்செல்லாம் கிரியோல். கடற்கரையில் சுற்றுலாப் பயணிகளுக்கு அறைகள் வாடகைக்கு விடுகிறார், அத்தனை அறைக்கும் சுடுதண்ணீர் வேண்டும். தோந்தோன் அவரை மாடிக்கு அழைத்து வந்தார். மதாம் குழாயில் கையை நீட்டி, "உய்!" என்று இழுத்துக்கொண்டார். அப்பாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. அதுவரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

மதாம் அப்பாவுக்குப் புரியும்படி நிதானமாகத் தன் வீட்டைச் சொன்னார். தெற்கே கடல், திறந்த வெளி. வடக்கே கரும்புத் தோட்டம், வீட்டை ஒட்டி உயரமான ஃபிலாவோ சவுக்கு மரங்கள், அவற்றின் நிழல் பாதி மாடி வரை விழும். "கடலைப் பாத்தே வச்சிடலாமா, ப்ரோஃபெஸேர்? அங்கதான் ஒரு தடையும் இல்ல."

எல்லாம் தெரிந்த அப்பா, டின்களை இடம் மாற்றி வைத்த அப்பா, "யெஸ், யெஸ். ஸீ சைட், வெரி குட்" என்றார்.

அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று இன்னும் எனக்குப் புரியவில்லை. வந்தவர் கைநழுவிப் போய்விடுவார் என்ற அவசரமா, வெயில்காலம் வருகிறது, இப்போதைக்குச் சுடும் என்ற நினைப்பா, பழைய பழக்கமா? இந்தத் தடவை பேசாமல் இருந்தால் ஒருவேளை இரக்கப்பட்டுப் பள்ளிக்கு வருவார் என்று கூட நினைத்தேன். பிறகு ஜூலை மாதம் ஞாபகம் வந்தது. அப்பா இன்னொரு மாடியில், இன்னும் பலர் முன்னால், சாம்பல், தூசி என்று சொல்லிக்கொண்டு நிற்பது கண்ணுக்குத் தெரிந்தது. கிரியோலில் சொல்லிவிட்டேன்.

"மதாம், கடலைப் பாத்து வைக்காதீங்க."

"கி தோ பெ தீர், தீஃபி? என்ன சொல்ற, பொண்ணே?"

"இப்ப வச்சா நல்லா சுடும். ஜூன்ல உங்க டூரிஸ்ட் எல்லாம் கத்துவாங்க. அப்ப சூரியன் கரும்புத் தோட்டத்துப் பக்கம் போயிடும்."

"அப்ப மரத்தையெல்லாம் வெட்டணுமா?"

"வேண்டாம். மர நிழல் எட்டாத இடமாப் பாத்து, கடல் பக்க ஓரத்துல வைங்க. முகம் மட்டும் கரும்புத் தோட்டத்தைப் பாக்கட்டும்."

"அப்ப கடற்கரையில படுத்திருக்கிறவங்களுக்கு அதோட முதுகுதான் தெரியும்?"

"ஆமா, மதாம்."

"போந்தியே, கடவுளே! அவங்களும் முதுகைக் காட்டிக்கிட்டுத்தான் படுத்திருக்காங்க. சரியாப் போச்சு!"

தோந்தோனும் மதாமும் சிரித்தார்கள். வேகமாகப் பேசினால் அப்பாவுக்குக் கிரியோல் பிடிபடாது. எதற்கு என்று தெரியாமல் அவரும் அவர்களோடு சேர்ந்து சிரித்தார். தோந்தோன் ஆங்கிலத்தில் அவருக்கு எடுத்துச் சொன்னார். சொல்லச் சொல்ல அப்பாவின் சிரிப்பு அப்படியே நின்று போயிற்று. மதாம் விடவில்லை. "உங்க பொண்ணு சயின்ஸ்தானே படிக்குது?" என்றார். "காமர்ஸ்" என்றார் அப்பா. மதாம் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "அடுத்த ஞாயிற்றுக்கிழமை இடம் குறிக்க வாங்க. இந்தப் பொண்ணையும் கூட்டிட்டு வாங்க. இல்லேன்னா நான் ரிவியேர் தே ஸாங்கீ ஊர்ல வேற ஆளைப் பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினார்.

அப்பா அடிக்கிறவர் இல்லை. அடித்திருந்தால் பரவாயில்லை. சாயங்காலம் அந்தக் கையேட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். சமையலறையில் அம்மா மெதுவாகச் சொன்னாள்: "நீ சொன்னது சரியாவே இருக்கலாம்டி. அந்த அம்மா போனப்புறம் சொல்லக் கூடாதா?"

"போனப்புறம் சொன்னா யாரும்மா கேப்பா? ஜூலையிலேருந்து வீட்டுல சொல்லிக்கிட்டுத்தானே இருக்கேன்?"

படுக்கப் போகும்போது அப்பா என் பக்கம் திரும்பாமலேயே, "காலையில பேசிக்கிறேன்" என்றார். நாளைதான் பள்ளியில் பிரிவு முடிவு செய்யும் கடைசி நாள். அப்பா வந்து சொல்லாவிட்டால் மிஸ் என் பெயரைக் காமர்ஸில் எழுதிவிடுவார்கள். அதனால்தான் தூக்கம் வராமல் உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

உனக்குச் சொல்ல என்னிடம் பெரிய அறிவுரை ஒன்றும் இல்லை. நீ தப்பாக ஏதாவது செய்வாய், எல்லோரும் செய்கிறார்கள். அதை உன் பிள்ளை உனக்குச் சொல்லும். யார் முன்னால் சொல்ல வேண்டும், எப்போது சொல்ல வேண்டும் என்று அதற்குத் தெரியாது, எனக்கும் தெரியவில்லை. அன்று உனக்கு வெட்கமாக இருக்கும், கோபம் வரும், வரட்டும். ஆனால் அது சொன்னது சரி என்று உனக்குத் தெரிந்த பிறகு, யாருக்கும் தெரியாமல் பேனலைத் திருப்பிவிட்டு வந்து சோற்றுக்கு உட்காராதே. சரி என்று சொல். எல்லோர் முன்னாலும் சொல்ல முடியாவிட்டால் அந்தப் பிள்ளையிடமாவது சொல். ஒரு வார்த்தை. எனக்கு அந்த ஒரு வார்த்தை கிடைத்திருந்தால், இன்று மதாம் முன்னால் நான் பேசியிருக்கவே மாட்டேன். அப்பாவின் கையைப் பிடித்துத் தனியாக இழுத்துச் சொல்லியிருப்பேன்.

நான் உன் அம்மாவாக ஆகும்போது இதையெல்லாம் மறந்துவிடுவேனோ என்றும் பயமாக இருக்கிறது. அப்பாவும் ஒரு காலத்தில் யாரிடமோ திட்டு வாங்கிய பையனாகத்தான் இருந்திருப்பார். நான் அப்படி நடந்தால் இந்தத் தாளை என் முன்னால் வை. நான் கத்துவேன், நீ எடுத்துக்கொண்டு போய்விடாதே.

காலையில் அவர் பேசுவதற்காகக் காத்திருக்கப் போவதில்லை. அவர் குளித்துவிட்டு வந்து காப்பி குடிக்க உட்காரும்போது, நான் சீருடை போட்டுக்கொண்டு எதிரில் போய் நிற்பேன். மதாம் முன்னால் பேசியதற்கு மன்னிப்புக் கேட்பேன். சொன்னதற்குக் கேட்க மாட்டேன். பிறகு, "வாங்கப்பா, ஸ்கூலுக்குப் போகலாம்" என்பேன். அப்போது குரல் வருமா என்று தெரியவில்லை. வரவில்லை என்றாலும் நகர மாட்டேன்.

நீ இதைப் படிக்கும்போது நான் என்ன வேலை பார்க்கிறேன் என்பது உனக்குத் தெரியும். அதை வைத்து அவர் என் கூட வந்தாரா, வரவில்லையா என்று நீ கண்டுபிடித்துவிடலாம். எனக்கு அதைத் தெரிந்துகொள்ள விடிய வேண்டியிருக்கிறது.

இன்னும் உன் அம்மா ஆகாத,
நான்